அன்பு அட்டை

அவள் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் முகிலரசன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

பாவாடையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டிக்கொள்ளச் சொன்னான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையையும் பேனாவையும் எடுத்து நீட்டினான்.

"இந்தக் கட்டத்துல சைன் போடு. மிஸ்ஸுக்கு நல்லா தெரியணும், கருவாடு."

போட்டாள்.

இடறிவிட்ட காலும் தூக்கிவிட்ட கையும் ஒரே ஆளுடையவை. அதை எழுத அட்டையில் இடமில்லை.

ஆறாம் வகுப்பில் அன்பு வாரம் நடந்துகொண்டிருந்தது.

ஆளுக்கோர் அட்டை. அட்டைக்குப் பத்துக் கட்டம். ஓர் உதவி செய்தால் ஒரு கட்டம். உதவி பெற்றவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் பத்தையும் நிரப்புகிறவருக்கு வெள்ளிக்கிழமை பிரேயரில் தண்ணீர் பாட்டில் பரிசு.

அதற்கு உதவி தேவைப்படுகிற ஆள் வேண்டுமே.

வகுப்பில் நாற்பத்தொரு பேர். அந்த நிலையில் இருந்தவள் இவள் ஒருத்திதான். அந்த நிலையில் அவளை வைத்திருந்தவர்கள் மீதி நாற்பது பேர்.

அப்பாவுக்குச் சந்தையில் கருவாட்டுக் கடை. குற்றம் அவ்வளவே.

ஒளித்துவைத்த ஜாமெட்ரி பாக்ஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பையைக் கொட்டிவிட்டு, அழகாக அடுக்கிக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை இன்டர்வெல்லில் வரிசை கட்டி நின்றார்கள்.

அதுவரை அவளுக்குக் கையெழுத்து என்று ஒன்று கிடையாது. இரண்டே நாளில் படிந்துவிட்டது. கடைசி எழுத்துக்கு ஒரு வால்கூட முளைத்திருந்தது.

வியாழன் மதியம் ஜெஸிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஜூன் மாதத்திலிருந்து யாரும் உட்காராத இடம்.

வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறதாம். ஒன்றுக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் பச்சையாம். சொல்லிக்கொண்டே ஜெஸிந்தா இவள் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்குப் பொரியலை எடுத்துத் தின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. இன்னொரு தடவையும் எடுத்தாள்.

இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

மணி அடித்தது. ஜெஸிந்தா கை கழுவப் போனாள்.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் அது கலைந்துவிடும் போலிருந்தது.

குழாயடியிலிருந்து ஜெஸிந்தா ஓடி வந்தாள். கையில் ஈரம், ஈரத்தில் அட்டை.

"ஐயோ, நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. சும்மா உக்காந்துட்டுப் போயிருப்பேன்டி!"

போட்டாள். வால் கொஞ்சம் கோணிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பாட்டிலை முகிலரசன் வாங்கினான். கைதட்டல் பலமாக இருந்தது. அவளும் தட்டினாள்.

மிஸ் எல்லோருடைய அட்டையையும் பார்த்துக்கொண்டே வந்தார். அவளுடையதில் பத்துக் கட்டமும் வெள்ளையாக இருந்தது. வாரம் முழுக்க ரப்பரை நீட்டிப் பார்த்திருந்தாள். யாரும் தொடவில்லை.

"என்னம்மா இது? எல்லாரும் உனக்கு எவ்வளவு பண்ணியிருக்காங்க! நம்மளும் ஒருத்தருக்காச்சும் ஏதாவது செய்வோம்னு உனக்குத் தோணலையா?"

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஸ் அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

திங்கட்கிழமை மதியம் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

நான்கு பெஞ்சு தள்ளி ஜெஸிந்தா வேறு யாருக்கோ பூனைக்குட்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீலக் கண் வந்தது. சிரித்தார்கள்.

அவள் தன் அட்டையை எடுத்தாள்.

மேலே பென்சிலில் இருந்த தன் பெயரை, யாரும் தொடாத அந்த ரப்பரால் அழித்தாள். தடம் தெரியாமல் அழித்தாள்.

பிறகு பத்துக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, வாலோடு.

மையை ஊதிக் காயவைத்தாள்.

அட்டையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் டப்பாவை வைத்து, மூடியைத் திறந்தாள்.

இன்றைக்கும் உருளைக்கிழங்குதான்.