சிப்பாயை அமுக்கினால்

"ஏட்டி, நாய் எங்க?" என்று ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் பிரவுசிங் சென்டரே திரும்பிப் பார்த்தது.

திரையில் வரிசையாக வெள்ளைச் சதுரங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

"செத்த பொறுங்கப்பா, வருது."

மகள் பரிபூரணத்துக்குக் காலையிலிருந்தே சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. காரணத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வீட்டு வாசலையே தாண்டியிருக்க மாட்டார்.

டெலிபோன் கம்பி வழியாக வரும் படம், பாசஞ்சர் ரயில் மாதிரி நின்று நின்றுதான் வரும். முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகு ஒரு மூக்கு. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் வெள்ளை நாயை நிறுத்திப் படம் எடுத்தால் வேறு என்ன தெரியும்?

"வந்துட்டாம்லா சிப்பாய்!"

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். சிப்பாய் என்று பெயர் வைத்தாரே தவிர, அது ஒரு நாளும் ஒழுங்காக நின்றதில்லை. அவர் கயிற்றைப் பிடித்தால் மட்டும்தான் நிற்கும்.

பரிபூரணத்துக்கு இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் படித்த கையோடு அவளே செய்தது. பேர், ஊர், வணக்கம். அவ்வளவுதான். அதை மெனக்கெட்டுத் திறந்து பார்த்த ஒரே ஆள், ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் பொன்னுராஜ். படமே இல்லாமல் இது என்ன பக்கம், சிப்பாயையாவது போடு என்று எழுதியிருந்தான்.

சிப்பாயைத்தான் கேட்டான். அப்பாவைக் கேட்கவில்லை.

கேட்கவும் மாட்டான். மில் வேலைக்குப் போகமாட்டேன் என்று அவன் சொன்ன அன்று, இனி என் மூஞ்சியில முழிக்காத என்று அப்பா கத்திவிட்டார். அவர் பேச்சை அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான். மூன்று வருஷமாக முழிக்கவில்லை.

போன தீபாவளிக்கு, ஊருக்கு வந்த ஒருவரிடம் வீட்டில் எல்லோருக்கும் துணிமணி கொடுத்துவிட்டிருந்தான். அப்பாவுக்கும் ஒரு சட்டை இருந்தது. அவர் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. நாய்க்கு விரிச்சுப் போடு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

படம் எடுக்கிற அன்றும் அதே வீம்புதான். நாய் மட்டும் விழணும், கயிறு பிடிக்கிற ஆளு விழக்கூடாது என்று கறாராகச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய், தலையைப் படிய வாரி, மீசைக்கு எண்ணெய் தடவி, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார்.

பரிபூரணம் சிரிப்பை மறைக்க, சென்டர்க்காரர் சாகுல் ஹமீதிடம் இரவல் வாங்கிய கேமராவுக்குள் கண்ணை விட்டுக்கொண்டாள்.

அந்தத் தொண்ணூற்றொன்பதில் அவளுக்குத் தெரிந்து ஸ்கேனர் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில்தான். பஸ் ஏறிப் போய், படங்களை ஃபிளாப்பியில் வாங்கி வந்து, சின்னச் சின்னதாக வெட்டி, இணையப் பக்கத்தில் அடுக்கினாள். எல்லாவற்றிலும் நாய் மட்டும். ஆள் இல்லை.

"அம்புட்டும் நாய்தான்," என்று அப்பா இப்போது திருப்தியாகத் தலையாட்டினார்.

ஆட்டியவர் சும்மா இருந்திருக்கலாம். சிப்பாயின் தலையில் ஏதோ அம்பு குத்திக்கொண்டு நிற்கிறதே என்று, மகள் செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடி, மவுஸைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டார்.

பரிபூரணம் எட்டி மவுஸைப் பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவளே பதமாகச் சொல்லி, பிறகு அமுக்கிக் காட்டுவதாக இருந்தாள். சின்னப் படத்தை அமுக்கினால் பெரிய படம் திறக்கும். பெரிய படத்தை அவள் வெட்டவில்லை.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் அத்தனையையும் அழிக்கச் சொல்லிவிடுவார். அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவே திறந்திருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போகும்.

முதலில் சுவர் இறங்கியது. அப்புறம் படிய வாரிய ஒரு தலை.

நெற்றி.

மீசை.

"ஏட்டி, என் மூஞ்சியை யாரு போடச்..."

அதற்குள் மீசைக்குக் கீழே ஒரு காலர் வந்துவிட்டது. காலருக்குக் கீழே ஒரு நீலக் கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. கோடு கோடாக இறங்கி, சட்டை முழுசாக வந்து நின்றது. கவருக்குள் இருந்த மடிப்புகூட நெஞ்சில் அப்படியே தெரிந்தது.

நாய்க்கு விரிக்கச் சொன்ன சட்டை.

பரிபூரணம் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். படத்தின் அடியில் சிப்பாய் வந்து சேர்ந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெஸ்ட்புக்கைத் திறந்தாள். பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிற இடம் அது. ஒரே ஓர் ஆள்தான் எழுதியிருந்தான். காலையிலேயே அவள் பார்த்துவிட்டாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்ததால் அவளே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

'சிப்பாயை அமுக்கினேன். அப்பா வந்தாக. சட்டை அளவு சரியா இருக்கா?'

ஆவுடையப்பன் மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார். நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கை மட்டும் கொஞ்சம் நீளம்னு எழுதுட்டி."