வரிசையில் ஒரு வெள்ளை முகம்

குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு காலத்திலே, அம்பத்தூரிலே ஒரு தெரு இருந்ததாம். தெரு நீளத்துக்குக் குடங்கள் இருந்தனவாம். அந்தக் குடங்களுக்கெல்லாம் ஒரு ராணி இருந்தாளாம். பெயர் பூங்காவனம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை அது. பச்சை, மஞ்சள், ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள் காலையிலேயே வரிசை கட்டிவிடும். தண்ணீர் லாரி வருவதோ உச்சி வெயிலில். யார் குடம் எங்கே என்பது பூங்காவனம் சொல்வதுதான். அந்த வரிசையில் மூண்ட சண்டைகளும் உண்டு, பேசி முடித்த கல்யாணங்களும் உண்டு. இன்றைக்கு மோட்டார் போட்டால் மாடிக்கே தண்ணீர் ஏறுகிறது. வரிசையும் இல்லை, அந்த வாய்களும் இல்லை.

தெருவுக்குப் புதிதாய்க் குடிவந்த லோகநாயகிக்கு வெயில்தான் எமன். பட்டால் போதும், கன்னமும் கழுத்தும் சிவந்து தடித்து, நாலு நாளைக்குத் தோல் உரியும். பட்டணத்து டாக்டர் சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். அவள் புருஷன் மணவாளன் பக்கத்து மருந்துக் கடையில் கேட்டதற்கு, "ஸ்கிரீன் துணியெல்லாம் எதிர்க்கடை சார்" என்றார்கள். பாரிமுனை வரை போய் வாங்கி வந்தான்.

வெளியே கிளம்ப அரைமணி முன்னாலேயே பூச வேண்டும். பூசினால் முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வெளுத்துவிடும்.

பூங்காவனம் சும்மா விடுவாளா?

"வந்துட்டாம்மா வெள்ளக்காரி! இன்னாமே, இன்னும் எத்தினி டப்பா பூசுனா செவப்பாவ?"

வரிசையே சிரிக்கும்.

லோகநாயகி வீட்டுக்கு வந்து அழுவாள்.

"வெயில் ஒத்துக்கலை, தோல்ல பிரச்சினைன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். அப்புறம் யார் கேலி பண்ணப்போறா?" என்றான் மணவாளன்.

அவளுக்கும் சரியென்று பட்டது.

மறுநாள் வரிசையில் போய் நின்றதுமே ஆரம்பித்தாள் பூங்காவனம்.

"இன்னிக்கு ரெண்டு கோட்டு அடிச்சிகினு வந்துட்டியா?"

லோகநாயகி நிமிர்ந்தாள். 

"அக்கா, இது அழகுக்குப் பூசறது இல்ல. எனக்குத் தோல்ல..."

"நிறுத்துமே!" பூங்காவனம் பாய்ந்து வந்தாள். "தோலு செவக்கணும், அதானே? ஊருக்கே தெரியுமே!"

காலால் ஓர் எத்து. லோகநாயகியின் இரண்டு குடங்களும் தெருவில் உருண்டன.

"மினுக்கிக்கெல்லாம் இன்னிக்கித் தண்ணி கெடையாது. ஊட்டுக்குப் போ!"

ஒருத்தியாவது தட்டிக் கேட்பாள் என்று சுற்றிலும் பார்த்தாள் லோகநாயகி. எல்லாரும் சிரித்தார்கள்.

குடத்தைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள். அரிசி களைய ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று மனசு கொதித்தது.

லாரி கிளம்பிப் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகத் தளும்பத் தளும்ப இரண்டு குடங்களோடு நின்றாள் பூங்காவனம். கேட்காமலே உள்ளே வந்து இறக்கி வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். எடுத்துட்டுப் போங்க."

"ரோசத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல." முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்ட பூங்காவனம், வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன் கழுத்துல தோலு உரிஞ்சிகினு கீறத, நீ வந்த மொத நாளே பாத்துட்டேன்மே."

லோகநாயகி திகைத்துப்போனாள்.

"தெரிஞ்சுமா அக்கா இப்படிப் பேசினீங்க?"

"போன வருசம் நாகப்பன் பொண்டாட்டிக்குக் கையில இத்துனூண்டு வெள்ளத் திட்டு. தொத்திக்கும்னு சொல்லி, நான் எவ்ளோ சொல்லியும் கேக்காம, அவ கொடத்தையே வரிசையில வெக்க உடல இவளுங்க. பாவம், ஊட்டக் காலி பண்ணிக்கினே போயிட்டா."



பூங்காவனம் படியிறங்கினாள்.

"மினுக்கின்னா சிரிச்சிட்டு உட்ருவாளுங்க, வியாதின்னா தொரத்திருவாளுங்க. நாளைக்கும் திட்டுவேன், வாயத் தொறக்காம வந்து நில்லு" என்று சொல்லிக்கொண்டே வெயிலில் நடந்தாள்.