பொட்டு நிற்காத நெற்றி

ஆயுதபூசைக்குக் கியர்களில் வைத்த சந்தனம் அப்படியே வழுக்கித் தரையில் விழுந்தது. நாங்கள் சிரித்தோம். எங்கள் கோவைப் பட்டறைக்குப் போன வருடம் வந்த புதுப் பூச்சு அப்படிப்பட்டது. அதைப் பூசிய எஃகு தேயாது, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும், தன்மேல் எதையும் ஒட்டவிடாது. 'தேய்மானமே இல்லை' என்று முதலாளி வாசலில் போர்டே மாட்டியிருந்தார்.

சந்தனத்தைக் கருவிகள் வைக்கும் மரப்பெட்டிக்கு வைத்துப் பூசையை முடித்துவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல் பூச்சுத் தூள் படிந்த வேலை உடுப்போடு மகள் யாழினியைத் தூக்கிக்கொண்டேன்.

"பூசை நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட வர்றீங்களே" என்று மனைவி தாரணி எனக்குக் குங்குமம் வைத்தாள். அது சட்டையில் உதிர்ந்தது. தண்ணீர் தொட்டு வைத்தாள். உருண்டு மூக்கில் இறங்கியது.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. மாதக்கணக்காக என் தாடையில் பிளேடு மழுங்கிக்கொண்டிருந்தது. நான் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தாரணி கட்டைவிரலால் என் நெற்றியைத் தேய்த்துப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஏனுங்க, பாப்பாவுக்கும் பொங்கல்ல இருந்தே பொட்டு நிக்கறதில்லீங்க. ஓடியாடற புள்ள, வேர்வையின்னு நெனச்சேன்."

யாழினி என் இடுப்பிலிருந்து இறங்கிப் பொரியை வாங்கிக்கொண்டு நின்றாள். ஐந்து வயது. அவள் போட்டிருந்தது பொங்கலுக்குக் கணுக்கால் அளவாகத் தைத்த பாவாடை. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இன்றும் அது சரியாகக் கணுக்காலில்தான் நின்றது.