மரந்தாண்டியின் பின்கால்

மரந்தாண்டி திடீரென்று முன்காலை மடித்து உட்கார்ந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைகள் சட்டென்று பின்வாங்கினார்கள்.

"பயப்படாதீங்க, வயிறு நிறைஞ்சா இப்படித்தான் உக்காந்துடும்," என்றாள் மைக் பிடித்திருந்த வழிகாட்டிப் பெண். "காட்டுல இதைவிட உசரமான மிருகமே கிடையாது. ஒண்ணு கிளையை வளைச்சுப் பிடிக்கும், ஜோடி தின்னும். அப்புறம் அது பிடிக்கும், இது தின்னும். தனியா விட்டா பட்டினிதான்."

வயிறும் நிறையவில்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கற்பனை மிருகப் பூங்காவில் மரந்தாண்டி என்பது துணியும் மூங்கிலும்தான். இடைவேளைக்கு வெளியே வரலாம் என்று பார்த்தால் வயிற்று ஜிப் பல்லைக் கடித்துக்கொண்டு நகர மறுத்தது. உள்ளே முன்காலாகவும் பின்காலாகவும் நின்ற இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். மாடி ஜன்னல் உயரத்துக்கு நிற்கும் கழுத்தின் பாரமெல்லாம் முன்கால்காரரின் இடுப்பில்.

பின்கால் இன்றைக்குப் புது ஆள். முன்கால்காரர் பஸ்ஸைத் தவறவிட்டு ஓடி வந்தபோதே அது உள்ளே புகுந்து குனிந்து நின்றிருந்தது, முகம்கூடப் பார்க்கவில்லை. முன்கால் கிசுகிசுப்பாக உத்தரவு கொடுக்கலாம், பின்கால் வாயே திறக்கக் கூடாது என்பது பூங்காவின் சட்டம். முதுகில் ஒரு தட்டு என்றால் ஆமாம், ரெண்டு தட்டு என்றால் இல்லை.

"தம்பி, மூச்சு முட்டுதா?"

ரெண்டு தட்டு.

"எனக்கு முட்டுது. இடுப்பு வேற விட்டுப்போச்சு."

சொன்ன மாத்திரத்தில் ஒரு முஷ்டி அவருடைய இடுப்பின் இடது ஓரத்தில் அழுத்தித் தேய்த்தது.

"அங்கதான், அங்கேயேதான். நல்ல கை தம்பி உனக்கு." அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இதுக்கு வலிச்சாலும் கத்தாது," என்று மைக் சொன்னது. "காது மட்டும் ஆடும்."

முன்கால்காரர் கடமையாகக் காதுக் கயிற்றை இழுத்தார். குழந்தைகள் கைதட்டினார்கள்.

இருட்டும் புழுக்கமும் சேர்ந்தால் மனுஷனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

ஒரு தட்டு.

"அப்ப உனக்குப் புரியும். நான் குடோன்ல சூப்பர்வைசர். அதை மூடிட்டாங்க, வீட்ல சொல்லவே இல்ல. அவ தெரு பூரா என் வீட்டுக்காரர் ஆபீசர்னு பெருமை பேசிட்டிருக்கா. இங்க தலையை ஆட்டி இலை தின்னுட்டிருக்கேன்னு தெரிஞ்சா, அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவளும் வேலைக்குப் போறேன், போறேன்னு நச்சரிச்சா. ஆபீசர் பொண்டாட்டிக்கு எதுக்கு வேலைன்னு வாயை அடைச்சுட்டேன். எவன்கிட்டயும் அவ கை கட்டி நிக்க வேணாம்னுதான் சொன்னேன். தப்பா?"

நின்ற கை முதுகுக்கு ஏறியது. பிறகு மெதுவாக ஒரே ஒரு தட்டு.

"நீ என்னப்பா, பார்க்காத பொம்பளைக்குப் பரிஞ்சு பேசுற."

மைக் கிளம்பத் தயாரானது. "எவ்வளவு தூரம் மேயப் போனாலும் பொழுது சாஞ்சா ஜோடிகிட்ட வந்து கழுத்தைச் சேத்து வச்சுத்தான் தூங்கும். இப்ப இதுக்குத் தூக்கம் வருது. வாங்க, அடுத்ததைப் பார்க்கலாம்."

குழந்தைகளின் சத்தம் தள்ளிப் போனது. யாரோ வந்து வயிற்றைத் தட்டினார்கள்.

"அண்ணே, ஜிப்பை வெட்ட ஆள் வரணும். நேரமாகும், அப்படியே இருங்க."

அந்தக் காலடியும் ஓய்ந்தது. எழுந்திருக்க வழியில்லை, திரும்பிப் பார்க்க இடமில்லை. முன்கால்காரருக்குப் பயமாக இருந்தது.

"எல்லாரும் போயாச்சு தம்பி, யாரு கேக்கப்போறா? நான் மட்டுமே புலம்பிட்டிருக்கேன். நீயும் ஏதாவது பேசேன்."

பின்கால் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஆபீஸ் நாற்காலி சரியில்லைன்னு தினமும் தைலம் தேய்க்கச் சொன்னீங்களே, அந்த நாற்காலி இதுதானா?"