வடக்கு வாசலில் நிற்பவள்

புத்தகக் கண்காட்சியில், காக்கிச் சீருடையில் மூன்று பெண்கள் கடையை நோக்கி வருவதைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள்.

பேனர் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் கேட்கப் போகிறார்கள் என்று அவசரமாக உள்ளே இழுத்தாள்.

அவர்கள் பேனரைப் பார்க்கவில்லை.

"இந்தப் புக்கை எழுதுனது நீங்கதானா மேடம்?"

"ஆமா. மங்களேஸ்வரி."

முன்னால் நின்றவள் தோள்பையைத் திறந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

மங்களேஸ்வரியின் நாவல். முழுதாக இல்லை. கால்வாசி.

பிளேடால் அறுத்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டிருந்தது. மற்ற இருவரும் ஆளுக்கொரு கால்வாசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள்.

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். ஏழு கோட்டைகள், மூன்று நதிகள், சிறகு முளைத்த யாளிகள், பறிபோன அரியணையைத் தேடி மலை தாண்டி வரும் ஒரு ராணி. எழுதி முடிக்க ஒன்பது வருஷம் ஆனது. நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிற கை. அந்த நாட்டுக்கும் வரைபடத்தை அவளே போட்டிருந்தாள்.

கண்காட்சி தொடங்கி நான்கு நாள். சற்று முன்புதான் பதிப்பாளர் அருளானந்தம் சொன்னார். "அடுத்த பாகத்தை முந்நூறு பக்கத்துல முடிங்க மேடம். ராணி ஜெயிச்சாப் போதும். இவ்வளவு பெருசா யாரு படிக்கா?"

சொல்லிவிட்டு டீ வாங்கப் போயிருந்தார்.

"முழுசாத் தூக்கிட்டு டூட்டிக்குப் போக முடியல்ல மேடம். நாலு பேருக்கு நாலா அறுத்துட்டோம். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

பேசியவள் தவசுக்கனி. ஆயுதப்படைக் காவலர். மந்திரி வருகிறார் என்றால் ஆறு மணி நேரம் வெறும் ரோட்டோரம் நிற்க வேண்டும். கார்கள் அரை நிமிஷத்தில் போய்விடும்.

"அந்த ஆறு மணி நேரமும் நாங்க ரோட்டுல நிக்கல்ல மேடம். உங்க கோட்டை மதில்ல நிக்கோம்."

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

பிறகு கேள்விகள் வந்தன. கடல்கோட்டையிலிருந்து மலைக்கோட்டைக்கு ராணி எப்படி ஆறே நாளில் வந்தாள்? படத்தில் நூல் வைத்து அளந்தார்களாம். ஒன்பது நாளாவது ஆகுமாம்.

"மழைக்கு முந்தின மாசம். ஆறு வத்திக் கிடந்துச்சு. குறுக்கே இறங்கி வந்துட்டா."

"நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று ஒருத்தி மற்றவளின் விலாவில் இடித்தாள்.

யாளி ஏன் உப்பைத் தொடுவதில்லை? சொன்னாள். மூன்றாம் குலத்துக்கு ஏன் கொடி இல்லை? சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. அந்த நாட்டில் அவளுக்குத் தெரியாத கல் கிடையாது.

"கடைசியா ஒண்ணு. இது எங்க கேள்வி இல்ல. இசக்கியம்மாளோடது. நாலாவது துண்டுக்காரி. கிழக்கு கேட்ல டூட்டி, வர முடியல்ல."

"கேளுங்க."

"தும்பைக்கு என்ன ஆச்சு?"

மங்களேஸ்வரிக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

தும்பை?

தவசுக்கனி தன் துண்டைப் புரட்டிக் காட்டினாள். பக்கம் முந்நூற்று நாற்பது. வடக்கு வாசலில் வேலோடு ஒரு காவல்காரி. பெயர் தும்பை. 'நான் வரும்வரை நில்' என்று சொல்லிவிட்டுத் தளபதி போகிறான். மொத்தம் நான்கு வரி.

அடுத்த அத்தியாயத்தில் தளபதி செத்துப்போகிறான்.

"அவளை யாரும் ரிலீவ் பண்ணவே இல்ல மேடம்."

மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

யாளிகளுக்குக்கூட வம்சாவளி எழுதி வைத்திருந்தாள். இவளை அப்படியே நிற்க விட்டுவிட்டாள்.

"மறந்துட்டேன்" என்றாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இசக்கி மறக்கல்ல. மழை வந்தா எங்க ஒதுங்குவா, சோறு யாரு கொண்டு கொடுப்பான்னு எங்களைப் போட்டு அரிச்சிக்கிட்டே இருக்கா."

மங்களேஸ்வரி செருப்பை மாட்டினாள்.

"வாங்க, போவோம்."

வழியில் அருளானந்தம் இரண்டு கையிலும் டீயோடு எதிரே வந்தார்.

"முந்நூறு பக்கம் பத்தாது சார்."

"பின்ன எவ்வளவு?"

"தெரியல்ல. வடக்கு வாசல்ல ஒரு ஆள் நிக்கா. அங்கேருந்துதான் தொடங்கணும்."

அவர் மூன்று காக்கிச் சீருடைகளையும் பார்த்தார். டீ சிந்தாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

கிழக்கு கேட்டில் வெயில் நேராக விழுந்தது. இசக்கியம்மாளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தொப்பிக்குக் கீழே வியர்வை வழிந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு நின்றவள். இரண்டு மணிக்கு மாற்ற வேண்டிய ஆள் மூன்றரை ஆகியும் வரவில்லை.

யார் வந்திருக்கிறார் என்று தவசுக்கனி சொன்னதும் அவள் விறைப்பாக நிமிர்ந்தாள்.

கடையிலிருந்து கேட்டுக்கு இருநூறு அடிதான். அதற்குள் மங்களேஸ்வரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. மழை. பாசி பிடித்த மதில். துருவேறிய வேல். யார் வருகிறார்கள், எந்தப் பாதையில்.

"தும்பைக்கு என்ன ஆச்சுன்னா…"

இசக்கியம்மாள் கையை உயர்த்தினாள். வண்டியை நிறுத்துகிற கை.

"சொல்லாதீங்க மேடம். எழுதுங்க. படிச்சுக்கிடுதேன்."



ஒரு ஆட்டோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இசக்கியம்மாள் போய் அதை ஓரம் கட்ட வைத்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள்.

ரோட்டைப் பார்த்தாள்.

"தும்பைக்கு ஆள் வருதா? அது மட்டும் சொல்லுங்க."

மங்களேஸ்வரியும் ரோட்டைப் பார்த்தாள்.

"கிளம்பிட்டா."