நொசிசாவுக்குப் போட்ட தையல்

முட்டையிட்ட பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், இரை தொடாமல் கிடந்தே சாகும். டர்பன் மீன்காட்சியகத்தில் அப்படிக் கிடந்த நொசிசாவை விட மனமில்லாமல், கால்நடை மருத்துவர் நொக்வாசி துணிந்து அதன் கண்களுக்கு நடுவே கீறி, அந்தப் பட்டினிக்குக் காரணமான சுரப்பியை எடுத்துவிட்டு நீல நூலால் தைத்தாள். மறுநாள் காலை அது அவள் கையிலிருந்து நண்டை வாங்கித் தின்றது. அவளுக்குக் கண் கலங்கியது.

அதைப் பராமரிக்கும் பெகானி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா. விடியக்காலையே அது போயிருச்சு. போன்ல சொல்ல மனசு வரலை."

பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். நொசிசா விறைத்துக் கிடந்தது. அவள் போட்ட அதே நீலத் தையல்.

"அப்ப தொட்டியில இருக்கிறது எது, அண்ணே?"

பெகானி எட்டிப் பார்த்தார். அங்கேயும் அதே தையல். அவள் காதருகே குனிந்தார்.

"மெல்லப் பேசுங்க. தான் செத்துப்போனது அதுக்குத் தெரிய வேணாம்."

தொட்டிக்குள் நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்த எட்டுக் கைகளும் அப்படியே நின்றன.