கடைசித் தாள்

"இதோட நாலாவது புஸ்தகம்மா. இதுலயும் கடைசித் தாளு இல்ல!"

நூலகர் நிர்மலாதேவி நாவலை மேசைமேல் பொத்தென்று போட்டாள். காலி மீன்கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு வந்த தனக்கொடி கையை விரித்தாள்.

"சத்தியமா நான் கிழிக்கல மேடம்."

"பின்ன, காக்கா வந்து கிழிச்சிதா? மொத புஸ்தகம் பழசு, சரி போவட்டும்னு விட்டுட்டேன். அடுத்த மூணும் புதுசு. குடுக்கறப்ப முழுசா இருந்துச்சி. ஊரே சீரியல் பாக்குது. வாரம் தவறாம கதை படிக்க வர்றது நீங்க ஒருத்திதான். நீங்களும் இப்படிப் பண்ணா எப்படி? இன்னொண்ணு கிழிஞ்சி வந்தா கார்டை ரத்து பண்ணிடுவேன், சொல்லிட்டேன்."

"ஐயோ, கார்டை மட்டும் எடுத்துடாதீங்க மேடம்!"

அந்தக் கார்டில் இருந்த பேர் செல்வகுமார். தனக்கொடியின் ஒரே மகன். வைத்திக்குப்பத்தில் புத்தகப் பைத்தியம் என்று பேர் வாங்கியவன். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஐப்பசி விடியலில் கடலுக்குப் போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அவன் பாதியில் விட்டிருந்த நாவலைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவள் முதன்முதலாக இந்தப் படியேறினாள். எட்டாவது வரை படித்த படிப்பை நம்பி, போகும்போது வேறொன்றை எடுத்துப் போனாள். அன்றிலிருந்து வாரம் ஒன்று. ஒவ்வொரு முறையும் நிர்மலாதேவி நோட்டில் 'செல்வகுமார்' என்று எழுதுவாள். அவன் பேரை இன்னமும் எழுதுகிற இடம் ஊரில் இது ஒன்றுதான்.

"இன்னொரு புஸ்தகம் குடுங்க. கிழிக்கிற கையப் புடிச்சி இங்க கொண்டாந்து நிறுத்தல, என் பேரு தனக்கொடி இல்ல!"

நிர்மலாதேவி ஒரு புது நாவலை எடுத்து, "பாத்துக்குங்க, கடைசித் தாளு இருக்கு" என்று பின்பக்கத்தைப் பிரித்தாள். தனக்கொடி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காட்டாதீங்க மேடம்! முடிவ மொதல்லயே பாக்கக்கூடாது."

அது செல்வகுமார் போட்ட சட்டம். அவள் அதை மீறியதில்லை. அதனால்தான் தாள் போன சங்கதியும் கதை முடிகிறபோதுதான் அவளுக்குத் தெரியவரும்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் விசாரணை நடத்தினாள். பக்கத்து வீட்டு வினோதா அட்டைப்படம் பார்க்க வருகிறாள், அவளா? நாத்தனார் அஞ்சலாட்சி அடுப்புப் பற்றவைக்கக் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் உருவுகிறவள், அவளா? கணவன் தெய்வநாயகத்தைச் சந்தேகப்படவே வேண்டாம். அவன் கைநாட்டு. புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொள்வான்.

மகன் போனபின் அவன் பேச்சே குறைந்துவிட்டது. மதியச் சோறு முடிந்து, அவன் வலையைச் செப்பனிட உட்கார, அவள் கதை வாசிக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவன் வாய் திறக்கும். அதுவும் ஒரே வார்த்தை, "அப்புறம்?" கடைசித் தாள் இல்லாத நாட்களில் அந்த 'அப்புறம்' அவளைப் படாத பாடு படுத்தியது. ஆளை அந்தரத்தில் விடவா முடியும்? கிழித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தானே ஏதோ ஒரு முடிவைச் சொல்லி ஒப்பேற்றினாள்.

இந்த முறை ஏமாறுவதாக இல்லை. வீட்டில் இருக்கும்போது நாவல் அரிசிப்பானைக்குள் இருந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் பாலிதீன் பையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டாள். வினோதா அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. அஞ்சலாட்சி தீப்பெட்டியோடு வந்தால் தனக்கொடி எழுந்து வாசலில் நின்றாள்.

"இன்னாடி, புஸ்தகத்துக்குப் போயி இந்தக் காவலு?" என்று அதிசயமாய் வாய் திறந்தான் தெய்வநாயகம்.

"எம்புள்ள கார்டுய்யா. வுட்டுருவனா?"

ஆறாம் நாள் மதியம் கதை முடிவுக்கு வந்தது. சைகோனுக்குக் கப்பலேறிப் போன பையனுக்காக அவன் அம்மா துறைமுகத்தில் காத்து நிற்கிறாள். தனக்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.

"இருக்குய்யா! தாளு இருக்கு! நான் ஜெயிச்சிட்டேன்!"

தெய்வநாயகத்தின் கையில் வலை ஊசி நின்றது. அவள் ஆவலோடு வாசித்தாள். கப்பல் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அந்தப் பையன் மட்டும் இறங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா தனியாக வீடு திரும்பினாள். முற்றும்.

அவன் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. எழுந்துபோய்த் தூண்டில் பெட்டியைத் திறந்தான். அடியில் மடித்து வைத்திருந்த மூன்று தாள்களை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான்.

"மேடத்துக்கிட்ட குடுத்துரு. ஒட்டிக்கட்டும். கிழிக்கறப்ப கார்டு போயிரும்னு எனக்குத் தெரியாது."

தனக்கொடி தாள்களைப் பிரித்துப் பார்த்தாள். "நீயாய்யா? ஏன்யா இப்பிடிப் பண்ண?"

"மொத புஸ்தகத்துல தாளு தானாவே இல்ல. அன்னிக்கி நீயா ஒரு முடிவு சொன்ன பாரு, அப்பத்தான் தெரிஞ்சிது" என்றான் அவன், வலையைப் பார்த்துக்கொண்டே. "எழுதனவன் முடிச்சா போனவன் போனவன்தான். நீ முடிக்கறப்பதான், தனக்கொடி, பையன் ஊட்டுக்குத் திரும்பி வரான்."